மூன்றாம் மாடியைத் திறந்த நாள்

துனீசியாவுக்குப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சிட்னியில் நாங்கள் இருக்கிற வென்ட்வேர்த்வில்லில் யாரும் விடுமுறைக்கு அங்கே போனதாகக் கேள்விப்பட்டதும் இல்லை. எங்கள் ஆட்கள் பாலிக்குப் போவார்கள், பிஜிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் நேரே யாழ்ப்பாணம்தான். ஆனால் பாரிஸில் இருக்கிறவர்களுக்குத் துனீசியா பக்கத்து வீடு மாதிரி. இரண்டரை மணி நேர விமானம். சாப்பாடு, கட்டில், கடல் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பாரிஸில் தன் மகளின் கலியாணம் முடிந்த அலுப்பில் என் தங்கைதான் தொடங்கினாள். "அக்கா, இவ்வளவு தூரம் வந்திட்டாய். ஒரு கிழமை கடற்கரையிலை படுத்திருந்திட்டுப் போ. நாங்கள் எல்லாம் புக் பண்ணிட்டம்."

என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நான் தனியாகத்தான் சிட்னியிலிருந்து கலியாணத்துக்குப் போயிருந்தேன். ஆகவே தங்கை, அவள் கணவர், நான் என்று மூன்று பேர் புறப்பட்டோம். தங்கைக்கு ஒரே சந்தோசம். எனக்குத்தான் போக மனமில்லை.

காரணம் இதுதான். நான் சிட்னி நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிறவள். இருபத்தொரு வருடங்களாக அதே வேலை. காலையில் ஆறு மணிக்கு முன் ரயில் ஏறி, ஏழு மணிக்குச் சீருடை போட்டு, ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். கட்டில் விரிப்பது, குளியலறை கழுவுவது, யாரோ ஒருவருடைய தலைமயிரைத் தண்ணீர் போகிற துவாரத்திலிருந்து எடுப்பது. ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள் நான். இங்கே வந்த புதிதில் தங்கை போனில் "என்ன வேலை?" என்று கேட்டபோது, "ஹோட்டலிலை" என்றேன். "ரிசெப்ஷனிலையோ?" என்றாள். "ம்ம், அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் அவளாகவே வளர்த்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் நான் சுப்பர்வைசர் ஆனேன். பிறகு மனேஜர். கலியாண மண்டபத்தில் என்னை எல்லோருக்கும் அப்படித்தான் அறிமுகப்படுத்தினாள். "என்ரை அக்கா. சிட்னியிலை ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மனேஜர்." நான் சிரித்துக்கொண்டு நின்றேன். திருத்துவதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது அவளோடு ஒரு கிழமை ஹோட்டலிலேயே இருக்க வேண்டும்.

ஹம்மாமெட் என்ற ஊருக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி நீளமாக, வெள்ளையாக இருந்தது அந்த ஹோட்டல். மூன்று மாடிகள். வாசலில் காவலர்கள் எங்கள் பஸ்ஸின் அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பக்கத்திலிருந்த ஹோட்டல் பூட்டிக் கிடந்தது. அதன் நீச்சல் குளத்துக்குள் புல் முளைத்திருந்தது. எங்களுடையதிலும் மூன்றாம் மாடியின் நீல நிற ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன.

தங்கையின் கணவர் எவரோடும் ஐந்து நிமிடத்தில் நண்பராகிவிடுகிற ஆள். பிரெஞ்சும் நன்றாக வரும். சாப்பாட்டறையில் பரிமாறியவரிடம் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"கடற்கரையிலை வெளிநாட்டுச் சனத்தைச் சுட்டாங்கள் எல்லோ, அதுக்குப் பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரேல்லையாம். கொஞ்சம் கொஞ்சமா வரத் தொடங்க, கொரோனா. கனகாலம் பூட்டிக் கிடந்திருக்கு. போன வருசந்தான் கீழ் ரெண்டு மாடியையும் திறந்தவையாம். இந்த மனிசன் அவ்வளவு நாளும் டாக்சி ஓடினவராம். கூப்பிட்ட உடனை ஓடி வந்திட்டாராம்."

அவர் சொல்லாமலே எனக்குப் பாதி விளங்கியிருந்தது. வரவேற்பறைக் கதிரைகளுக்குப் புதுத் துணி போட்டிருந்தார்கள். ஓரத்தைக் கையால் தைத்திருந்தது பார்த்தவுடன் தெரிந்தது. லிப்டுக்குள் பெயின்ற் மணம். பளிங்குத் தரையில் ஒரு கல் வெடித்திருந்தது, ஆனால் அந்த வெடிப்புக்குள்கூட அழுக்கு இல்லை. காசு குறைவு, கவனம் கூடுதல். அப்படிப்பட்ட இடத்தை என்னைப் போன்ற ஒருத்தியால் உடனே அடையாளம் காண முடியும்.

என் அறையின் கட்டிலில் இரண்டு துவாய்களை மடித்து ஓர் அன்னம் செய்து வைத்திருந்தார்கள். தங்கை தன் அறையிலிருந்து ஓடி வந்து அதைப் படமெடுத்தாள். அவள் போன பிறகு நான் விரிப்பின் ஓரத்தை உயர்த்தி, மெத்தையின் மூலையைப் பார்த்தேன். கடித உறை மாதிரி, ஒரு சுருக்கமும் இல்லாமல் மடித்திருந்தது. யார் செய்ததோ, கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, பழக்க தோசத்தில், எழும்பியவுடனே கட்டிலைச் சரிசெய்துவிட்டேன். நான் வெளியே போகப் புறப்பட்டபோது துப்புரவு செய்கிற பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். நீலத் தலைத்துணி. வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு குனிந்து மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் தன் கையை நெஞ்சில் வைத்து, பிறகு அதே கையால் என்னைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினாள். நீயுமா?

இருபத்தொரு வருடங்களாக என் சொந்தத் தங்கைக்குச் சொல்லாததை, மொழி தெரியாத அந்தப் பெண்ணிடம் தலையாட்டி ஒத்துக்கொண்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் என் அறைக்கு வந்தால் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுத்தான் போவாள். அவள் அரபியும் பிரெஞ்சும், நான் தமிழும் ஆங்கிலமும். அவள் கையால் தையல் மெசின் ஓட்டிக் காட்டினாள். ஹோட்டல் பூட்டியிருந்த காலத்தில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்திருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். சிட்னியில் என்னோடு வேலை செய்யும் லெபனான் பெண்ணிடமிருந்து நான் பொறுக்கிய ஒரே அரபுச் சொல்லை ஒருநாள் சொன்னேன். "யல்லா!" வா, போவோம் என்று அர்த்தம். அவள் அப்படியே வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

நான்காம் நாள் காலை, சாப்பாட்டறையில் எல்லாம் வழக்கம்போல நடக்கவில்லை. ஹோட்டலின் பொறுப்பாளர் நாற்பது வயதளவில் ஒரு பெண். எப்போதும் விருந்தினர்களின் மேசைகளுக்கு வந்து சுகம் விசாரிப்பவள். அன்றைக்கு அவள் ஒரு மூலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. தங்கையின் கணவர் கோப்பி எடுக்கப் போகிற சாட்டில் போய் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"பக்கத்து ஊரிலை ஒரு ஹோட்டலிலை தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுதாம். அங்கை தங்கியிருந்த ரெண்டு பஸ் சனத்துக்கு இடமில்லை. எண்பது பேர். இஞ்சை வைச்சிருக்க ஏலுமோ எண்டு ட்ராவல் கொம்பனி கேக்குதாம். நாலு மணிக்கு ரெடியா இருக்க வேணும்."

"மூண்டாம் மாடி இருக்குத்தானே?" என்றாள் தங்கை.

"நாப்பது அறை இருக்கு. பெயின்ற் அடிச்சு முடிச்சாச்சு. ஆனா மெத்தையெல்லாம் இன்னும் பிளாஸ்ரிக்குக்குள்ளையாம். துப்புரவு செய்யிற ஆக்கள் அஞ்சே அஞ்சு பேர். ஏலாது எண்டு சொன்னா இனி அந்தக் கொம்பனி இஞ்சை ஆக்களை அனுப்பாது. பாவம், அந்தப் பிள்ளை அழுகிற மாதிரி நிக்குது."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பது அறைகள், ஐந்து பேர், ஏழரை மணி நேரம். புழக்கத்தில் இருக்கிற அறை வேறு, பூட்டிக் கிடந்த அறை வேறு. குழாய்களைத் திறந்துவிட வேண்டும், ஜன்னல் சட்டங்களைக் கழுவ வேண்டும், அலுமாரிக்குள் தூசி தட்ட வேண்டும். கீழ் மாடிகளின் தினசரி வேலையும் இருக்கிறது. ஐந்து பேரால் நடக்காது. ஏழெட்டுப் பேர் இருந்தால், கீழ்மாடி விருந்தினர்கள் ஒருநாள் பொறுத்துக்கொண்டால், மயிரிழையில் நடக்கலாம்.

எழுந்துவிட்டேன். நான் எழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, என்னோடை வாங்கோ" என்றேன் தங்கையின் கணவரிடம். "நான் சொல்லுறதை அந்தப் பிள்ளைக்குப் பிரெஞ்சிலை சொல்லுங்கோ."

பொறுப்பாளர் எங்களைப் பார்த்ததும் விருந்தினருக்கு உரிய சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டாள். "நான் உதவி செய்யிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் சொன்னார். அவள் கையை ஆட்டி மறுத்தாள். விருந்தினரை வேலை வாங்குவதா, நீங்கள் கடலுக்குப் போங்கள், பெரிய மனது என்று ஏதேதோ சொன்னாளாம்.

"தம்பி, இதைச் சொல்லுங்கோ. நான் இருபத்தொரு வருசமா சிட்னியிலை ஹோட்டல் அறை துப்புரவு செய்யிறன். ஒரு நாளைக்குப் பதினாலு அறை. இது எனக்குத் தெரிஞ்ச வேலை."

அவர் பிரெஞ்சில் தொடங்கப் போய் நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா... என்னெண்டு சொல்ல?"

"நான் சொன்னதைச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. எங்களுக்குப் பின்னால் தங்கை தட்டோடு வந்து நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். பொறுப்பாளர் என் கைகளைப் பார்த்தாள். பிறகு நீலத் தலைத்துணிப் பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவள் என்னைக் கண்டதும் கட்டில் மூலை மடிப்பதுபோல் காற்றில் காட்டி, பெருவிரலை உயர்த்தினாள். எனக்கு ஒரு வண்டியும் ஓர் ஏப்ரனும் கிடைத்தன.

மூன்றாம் மாடியில் அறைகளுக்கு முன்னாலுள்ள நடையில் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையோ?"

"ஓம்."

"இவ்வளவு காலமும்?"

"ஓம்."

"நீ கட்டில் விரிச்சா எனக்கென்ன, கக்கூஸ் கழுவினா எனக்கென்ன? நான் சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். என்னை ஏன் இப்பிடி விசரி ஆக்கினனீ?"

"நீ என்னை மனேஜர் எண்டு சொல்லேக்கை உன்ரை முகத்திலை ஒரு சந்தோசம் இருக்கும். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

"பொய்" என்றாள். "உனக்கு வெக்கம்."

அவள் சொன்னது சரி. எனக்கு வெட்கம்தான். அவள் விடுவிடென்று படியிறங்கிப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் முன்னால் நாற்பது கதவுகள் இருந்தன.

முதலில் எல்லா அறைகளிலும் குழாய்களைத் திறந்துவிட்டோம். தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்து, பத்து நிமிடத்துக்குப் பிறகு தெளிந்தது. பரிமாறுகிற ஆண்கள் மூன்று பேர் மேலே வந்து மெத்தைகளின் பிளாஸ்ரிக்கை உரித்துத் தந்தார்கள். தோட்டக்காரர் எண்ணெய்ப் போத்தலோடு வந்து இறுகிப்போன ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனார். அவர் ஒரு ஜன்னலைத் திறக்க, நடையில் ஒரு துண்டு வெளிச்சம் விழும். அப்படியே அந்த நீள நடை முழுவதும் வெளிச்சம் வந்ததை நான் நின்று பார்த்தேன்.

நானும் நீலத் தலைத்துணிக்காரியும் ஒரு சோடி. சிட்னியில் நான் எப்போதும் தனியாகத்தான் கட்டில் விரிப்பேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நடக்க வேண்டும். இங்கே அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். விரிப்பை உதறினால் அது காற்றில் ஏறி எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கும். மூலையை ஒரே நேரத்தில் மடித்து ஒரே நேரத்தில் சொருகுவோம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? ஒருவரும் இல்லை. இரண்டு கண்டங்களில் இரண்டு பெண்கள் ஒரே மடிப்பை மடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்னம் மட்டும் எனக்கு வரவில்லை. நான் செய்தது அடைகாக்கிற கோழி மாதிரி இருந்தது. அவள் அதை எடுத்து, ஒரு உதறு உதறி, நாலு மடிப்பில் கழுத்தை நிமிர்த்திவிட்டாள்.

பத்தரை மணி போல் தங்கை வந்தாள். தலைமயிரை உயர்த்திக் கட்டியிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன செய்ய வேணும், சொல்லு."

"தலகாணிக்கு உறை போடு."

அவள் போட்ட முதல் பத்து உறைகளிலும் தையல் வெளியே தெரிந்தது. கழற்றித் திரும்பப் போட வைத்தேன். "மனேஜர்தான் நீ, சந்தேகமில்லை" என்று முணுமுணுத்தாள். அரைமணி நேரத்தில் இருவரும் பழையபடி சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தோம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அவள் கணவர் கீழே இருந்து விரிப்புக் கட்டுகளைச் சுமந்தார். லிப்டு சின்னது என்பதால் பெரும்பாலும் படியால்தான். பதினைந்து தடவை ஏறியிருப்பார்; பதினாறாம் தடவை படியிலேயே உட்கார்ந்து, "அக்கா, நீங்கள் இதை ஒவ்வொரு நாளும் செய்யிறனீங்களோ?" என்று கேட்டார்.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கடைசி அறையைப் பூட்டினோம். நாலேகாலுக்கு இரண்டு பஸ்களும் வந்தன.

நான் என் அறைக்குப் போய்க் குளிக்க நினைத்தேன். நீலத் தலைத்துணிக்காரி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மூன்றாம் மாடியில் துணிகள் வைக்கிற சின்ன அறையின் வாசலில் என்னை நிறுத்தினாள். தானும் பக்கத்தில் நின்றாள்.

எங்கள் வேலை அப்படிப்பட்டது. விருந்தினர் வரும் நேரத்தில் நாங்கள் இருக்க மாட்டோம். சிட்னியில் மூன்று மணிக்கு அவர்கள் உள்ளே வருவார்கள், நான் பின்வாசலால் போய் ரயில் ஏறுவேன். எத்தனையோ ஆயிரம் அறைகளைச் செய்திருக்கிறேன். நான் விரித்த கட்டிலை ஒருவர் முதன்முதலாகப் பார்க்கிறபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒரு வயதான தம்பதி வந்தார்கள். காலையிலிருந்து அலைக்கழிந்த களைப்பு. அந்த அம்மாவின் செருப்பு ஈரமாக இருந்தது. பழைய ஹோட்டலின் தண்ணீராக இருக்கும். கணவர் எங்களுக்கு நேர் எதிரே இருந்த கதவைத் திறந்தார். அம்மா உள்ளே கால் வைத்தாள். நின்றாள். திறந்த ஜன்னலுக்கு அப்பால் கடல் முழுதாகத் தெரிந்தது. அவள் கட்டிலருகில் போய், உட்காராமல், உள்ளங்கையால் விரிப்பை ஒருமுறை தடவினாள். தோள்கள் இறங்கின. "ஆ..." என்று ஒரு நீண்ட மூச்சு. பிறகு திரும்பினவள் எங்களைக் கண்டாள். ஏப்ரனோடு, வியர்வையோடு, நரைத்த தலையோடு நின்ற என்னையும், என் சிநேகிதியையும். இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்து "மெர்சி" என்றாள். ஒருமுறை என்னைப் பார்த்து, இன்னொருமுறை அவளைப் பார்த்து.

நான் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை என்று எத்தனை வருடம் உள்ளுக்குள் அழுதிருப்பேன். அந்த நடையில் நின்றபோது எனக்கு வேறு எந்த வேலையும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கடற்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தோம். மூன்று மாடிகளிலும் ஜன்னல்கள் திறந்திருந்தன. மேல்மாடிப் பல்கனிக் கம்பிகளில் துவாய்கள் காய்ந்தன. ஒரு குழந்தை அங்கேயிருந்து கீழே யாரையோ கூப்பிட்டது. ஊழியர்கள் சிலர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மணலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்சி ஓடிய மனிதர் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். அவருடைய முகத்தில் இருந்ததுதான் என் முகத்திலும் இருந்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது பொறுப்பாளர் எங்கள் மேசைக்கு வந்தாள். எனக்கு ஒரு சின்ன மல்லிகைச் செண்டு தந்தாள். அந்த ஊரில் மொட்டுகளைக் குச்சியில் ஒவ்வொன்றாகக் கட்டி அப்படிச் செய்வார்கள். நன்றி சொன்ன பிறகு, பக்கத்து மேசையிலிருந்த புது விருந்தினர்களுக்கு என்னைக் காட்டி, இவர் யார் தெரியுமா என்று தொடங்கினாள். சிட்னியில் ஹோட்டலில் வேலை செய்கிறவர் என்று அவள் சொல்ல, அவர்களில் ஒருவர் தங்கையின் கணவரிடம், இவர் அங்கே என்ன பதவியில் இருக்கிறார் என்று கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் என் தங்கை முந்திக்கொண்டாள். தன்னுடைய உடைந்த பிரெஞ்சில், எனக்குக்கூட விளங்குகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். என் அக்கா. அறைகளைத் துப்புரவு செய்கிறவள். இருபத்தொரு வருடங்கள். சொல்லிவிட்டு என் தலைமயிரில் அந்த மல்லிகைச் செண்டைச் சொருகினாள். கலியாண மண்டபத்தில் என்னை மனேஜர் என்று சொன்னபோது இருந்ததைவிட அவளுடைய தலை நிமிர்ந்திருந்தது.

சிட்னிக்குத் திரும்பி எட்டு மாதங்களுக்குப் பிறகு எனக்குத் துனீசியாவிலிருந்து, நீலத் தலைத்துணிக்காரியிடமிருந்து, ஒரு குரல் செய்தி வந்தது. வரும்போது எங்கள் இருவருடைய போன் நம்பர்களையும் தங்கையின் கணவர்தான் மாற்றித் தந்திருந்தார். மத்தியான இடைவேளையில் லெபனான் சிநேகிதியிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவள் மூன்று தரம் கேட்டாள். இது என்ன அரபு, பாதி பிரெஞ்சு, பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறாள் என்று திட்டினாள். பிறகு விளங்கிய மட்டும் சொன்னாள். கோடை முழுவதும் ஓர் அறைகூடக் காலியாக இருக்கவில்லையாம். இப்போது துப்புரவுக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களாம். அவளைத்தான் அவர்களுக்குத் தலைவியாக்கியிருக்கிறார்களாம்.

"யாரிது?" என்று கேட்டாள் சிநேகிதி.

"என்னோடு வேலை செய்தவள்" என்றேன்.

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன். எனக்கு அன்றைக்கு இன்னும் ஆறு அறைகள் மீதியிருந்தன.